வளையாத கோல்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து, மனைவி நிஸ்றா ஊற்றிக் கொடுக்கும் பால் கலக்காத பிளேன்ரீயைக் குடித்ததும், முனாஸ் வீட்டுக்குப் பின்னால் வாவியோரமாக உள்ள மண்டபத்தைத் திறப்பான். வலது காலை முன்வைத்து நுழைவான். வாசற்பக்கமாக நின்று, ஸ்நூக்கர் மேசையை மூடியிருக்கும் சீலையை மடித்தெடுப்பான். பெட்டியிலிருந்து ஆட்டக்கோலின் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் திருகிப் பொருத்துவான். பிறகு அதைப் பச்சைத் துணியின்மேல் நீளவாக்கில் கிடத்தி, உள்ளங்கையால் மெல்லத் தள்ளிவிடுவான். கோல் உருண்டு போய் எதிரே வாவிப் பக்கத்து விளிம்பைத் தொடும்வரை அவன் கண் இமைக்காது. வளைந்த கோலாக இருந்தால் உருளும்போது துள்ளும், நொண்டும். துள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு அன்றைய பயிற்சியைத் தொடங்குவான். மழையானாலும் பெருநாளானாலும் இந்த வழக்கம் மாறியதில்லை. காத்தான்குடியில் அவனுடைய ஒழுங்கைத் தெருக்காரர்கள், "முனாஸ் கோல உருட்டிட்டான், இனி வெயில் வரும்" என்று பகிடி பண்ணிச் சிரிப்பார்கள்.

அவன் சந்தேகப் பிராணியாகப் பிறந்தவன் அல்லன். வயிற்றுப்பாட்டுக்காகக் கத்தாருக்குப் போய், ஒரு விளையாட்டுக் கழகத்தில் ஸ்நூக்கர் மேசைகளுக்குத் துணி போர்த்தி மட்டம் பார்க்கும் வேலையில் சேர்ந்தவன், ஓய்வு நேரத்தில் தானும் ஆடிப் பார்த்தான். கழகத்தின் அங்கத்தவர்களை வென்றான். பின்னர் நாட்டுக்காக ஆடினான். கடைசியில், உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே ஆடும் தொழில்முறைச் சுற்றிலும் இடம்பிடித்தான். அவனுடைய பெருமையெல்லாம் மெதுவான அடியில் இருந்தது. மற்றவர்கள் பந்தை விரட்டுவார்கள்; அவன் தட்டினால் பந்து நடந்து போய்க் குழிக்குள் இறங்கும்.

அந்த இடம் நிலைக்கவில்லை. தோற்றால் சுற்றை விட்டு வெளியேற வேண்டும் என்றிருந்த ஓர் ஆட்டத்தில், எதிராளியின் சட்டைக் கை ஒரு சிவப்புப் பந்தில் பட்டதை முனாஸ் தன் கண்ணால் கண்டான். நடுவர் காணவில்லை. ஸ்நூக்கரில் ஓர் எழுதாத மரியாதை உண்டு: தவறு செய்தவன், யாரும் பார்க்காவிட்டாலும், தானே மேசையைத் தட்டி "பவுல்" என்று சொல்லிவிட்டுக் தன் கதிரையில் போய் உட்கார வேண்டும். அன்று அந்த மனிதன் மேசையைத் தட்டவில்லை. அடுத்த பந்தை அடித்தான்; வென்றான். முனாஸ் ஊருக்குத் திரும்பி வந்தபோது கோலோடு சேர்த்து இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தான். மனிதர்களையும் உருட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

இப்போது நாற்பது வயதை நெருங்கும் வேளையில் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. கொழும்பில் நடக்கவிருந்த தகுதிகாண் போட்டியில் வெல்பவருக்குத் தொழில்முறைச் சுற்றில் மீண்டும் இடம் கிடைக்கும். கிழக்கிலிருந்து ஒருவர் மட்டுமே போகலாம். அந்த ஓர் இடத்துக்குத் தகுதியானவர்கள் இருவர். ஒருவன் முனாஸ். மற்றவன் தேற்றாத்தீவைச் சேர்ந்த நிதுர்ஷன். இருவரும் முனாஸின் மண்டபத்தில், அதே மேசையில், மாதக்கணக்காக ஒன்றாகப் பழகியவர்கள். அவர்களுக்குள் நடக்கும் ஆட்டமே யார் போவதென்பதைத் தீர்மானிக்கும் என்று மாகாண ஸ்நூக்கர் குழு அறிவித்திருந்தது.

அந்த மாரிக்காலத்தில் மழை விடாமல் கொட்டியது. வாவி நிரம்பி, முனாஸின் மதிலடிவரை தண்ணீர் ஏறியது. வயல்வட்டைகளில் நெல் வேளாண்மை மூழ்குகிறது, வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்குள் விடுங்கள் என்று விவசாயிகள் கூக்குரலிட்டார்கள். ஒருநாள் பின்னேரம் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டினார்கள். அதைப் பார்க்க ஊரே திரண்டு போனது. முனாஸும் போனான். நிதுர்ஷன் மண்டபத்தில் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது நிதுர்ஷன் போய்விட்டிருந்தான். கோல்பெட்டி வழக்கமான இடத்தில் இல்லை. சுவரோரத்து அலுமாரியின்மேல் இருந்த பெட்டி இப்போது மூலையில் ஒரு கதிரையின்மேல் கிடந்தது. அதன் மூடியில் நீலநிறச் சோக்குத்தூள் அப்பியிருந்தது. முனாஸ் கோல்நுனியில் தேய்ப்பது பச்சைச் சோக். நீலம் தேய்ப்பவன் நிதுர்ஷன்.

அவன் உடனே கோலை எடுத்து உருட்டினான். துள்ளவில்லை. ஆயினும் மனம் அமைதிப்படவில்லை.

அடுத்த சில நாட்களில் அவன் ஆட்டம் குலைந்தது. நடந்து போய்க் குழிக்குள் இறங்க வேண்டிய பந்துகள், குழியின் வாய்க்கு அருகில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஓங்கி அடித்த பந்துகள் மட்டும் ஒழுங்காக விழுந்தன. மெல்லத் தட்டினால் போதும், எல்லாம் ஒரே பக்கமாக விலகின. நிதுர்ஷனோ விரட்டி அடிப்பவன். அவன் பந்துகள் விழுந்துகொண்டே இருந்தன.

முனாஸ் கதிரையில் இருந்தபடி அவனையே பார்த்தான். இவன் ஏன் இன்று சிரிக்கவில்லை? ஏன் கோலைத் துடைக்கும்போது முதுகைக் காட்டுகிறான்? முன்பொருநாள், நிதுர்ஷனின் சட்டைப் பொத்தான் ஒரு சிவப்புப் பந்தை உரசியதாம். முனாஸுக்கே தெரியாத அந்தத் தவறுக்கு நிதுர்ஷன் மேசையைத் தட்டி, அண்ணன் முறையில் அழைத்து, "பவுல், நானா" என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தான். அன்று அது முனாஸின் நெஞ்சைத் தொட்டது. இப்போது அதே காட்சி வேறுவிதமாகத் தெரிந்தது. சின்னத் தவறைச் சொல்லிக் காட்டுகிறவன், பெரிய தவறை மறைக்கத்தானே நம் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறான்?

அந்த நேரம் பார்த்து நிதுர்ஷன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

"நானா, ஒரு விசயம் சொன்னாக் கோவிக்கப்படாது."

"சொல்லு."

"மேசை கொஞ்சம் சரிஞ்ச மாதிரிக் கிடக்கு. மெல்லமாப் போற பந்தெல்லாம் வாவிப் பக்கம் கிறுகி வளையுது."

முனாஸ் எழுந்துவிட்டான். "ஆர்ட மேசை எண்டு தெரிஞ்சா கதைக்கிறாய்? கத்தார்ல பெரிய பெரிய ஆக்கள்ர மேசைக்கெல்லாம் மட்டம் பாத்த கை இது. இந்த மேசைக்கு லெவல் வெச்சதும் இதே கைதான்."

"அதுக்கில்ல நானா. ஒருக்கா லெவல வெச்சுப் பாத்தா என்ன?"

"என்ட கோல்ல என்ன செஞ்ச நீ?"

நிதுர்ஷன் திகைத்தான். "கோல்லயா?"

"முகத்துவாரம் வெட்டின அண்டைக்கி என்ட பெட்டியத் தொட்டியா இல்லையா?"

"தொட்டன்தான் நானா. கூரை ஒழுகிச்சு. நனையப் போகுதே எண்டு எடுத்து அங்கால வெச்சன்."

முனாஸ் நிமிர்ந்து பார்த்தான். மின்குமிழின் வெளிச்சம் கண்ணை அடித்தது. அதற்கு மேலே எந்த ஈரமும் அவனுக்குத் தெரியவில்லை. மழையும் ஓய்ந்து நாளாகியிருந்தது.

"கூரை ஒழுகிச்சாம், மேசை சரிஞ்சிச்சாம். மறுகா என்ன, வாவி கடலுக்கு ஓடிப் போச்செண்டு சொல்லப் போறியா?"

"அது ஓடித்தானே போச்சு நானா" என்று நிதுர்ஷன் தன்னையறியாமல் சொல்லிவிட்டான். பகிடியாகத்தான் சொன்னான். முனாஸுக்கு அது நக்கலாகப் பட்டது. அன்றோடு மண்டபத்தின் கதவு நிதுர்ஷனுக்கு மூடப்பட்டது.

அடுத்த கிழமை முனாஸ் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய், மாகாணக் குழுவின் முன் முறைப்பாடு சொன்னான். குழுவின் தலைவர் அருமைநாயகம் நிதானமான மனிதர். நிதுர்ஷனையும் அழைத்து எதிரே அமர்த்தினார்.

"தம்பி முனாஸ், இது லேசுப்பட்ட கதையில்ல. பொடியன்ட எதிர்காலம். கண்ணால கண்டீங்களா?"

"காணல்ல சேர். ஆனா மண்டபத்தில இருந்த ஒரே ஆள் அவன்தான். அண்டைக்கிப் புடிச்சு என்ட அடி ஒண்டும் சரியாப் போகுதில்ல. உள்ளுக்குள்ள என்னவோ செஞ்சிரிக்கான். திருகாணியில எண்டாலும், நுனியில எண்டாலும்."

"நிதுர்ஷன், நீர் கோல்பெட்டியத் தொட்டீரா?"

"தொட்டன் சேர். தண்ணி சொட்டிச்சு."

"அவரிட்டக் கேட்டீரா?"

"அவர் அங்க இல்லயே சேர், கேக்கிறதுக்கு."

"வந்த பிறகாவது சொன்னீரா?"

நிதுர்ஷன் தலையைக் குனிந்தான். "இதெல்லாம் சொல்ற விசயமெண்டு நினைக்கல்ல."

குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இன்னொருவரின் கோலை அனுமதியின்றித் தொடுவது இந்த ஆட்டத்தில் பெரிய குற்றம். அதைத் தொட்டதாக அவனே ஒப்புக்கொண்டான். இந்த ஆண்டு நிதுர்ஷன் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது, கிழக்கின் இடம் ஆட்டமின்றியே முனாஸுக்கு என்று தீர்ப்பானது.

வெளியே படியில் நின்று நிதுர்ஷன் திரும்பிப் பார்த்தான். "சட்டைப் பொத்தான் பட்டதையே சொன்னவன் நான், நானா" என்றான்.

முனாஸ் வென்றுவிட்டான். ஆனால் பந்துகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. பழைய கோலைத் தூக்கி வைத்துவிட்டு, கொழும்பிலிருந்து புதுக் கோல் வரவழைத்தான். அதை உருட்டினான், துள்ளவில்லை. பந்தைத் தட்டினான்; அது குழியின் வாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதுச் சோக் வாங்கினான். புதுப் பந்துகள் வாங்கினான். மண்டபத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டு, திறப்பைக் கழுத்தில் தொங்கவிட்டான். ஒன்றும் மாறவில்லை. நிதுர்ஷன் வெளியிலிருந்து யாரையோ ஏவுகிறான் என்று நினைத்தான். பக்கத்து வீட்டுக்காரன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது ஏன் என்று யோசித்தான். ஒருநாள் நிஸ்றாவிடமே கேட்டுவிட்டான்.

"நான் இல்லாத நேரம் மண்டபத்துக்குள்ள போனியா?"

"திறப்பு ஒங்கட கழுத்தில கிடக்கு மச்சான். நான் என்ன பல்லியா, ஓட்டையால பூர?"

அன்று மாலை நிஸ்றா மகள் றிஸ்லாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முனாஸ் முற்றத்தில் நின்றான். அவள் சற்று உரத்த குரலிலேயே கதை சொன்னாள்.

"ஒரு கொக்கு வாவிக்குள்ள நட்டிருந்த கட்டையொண்டில நிண்டிச்சாம். நாளுக்கு நாள் தண்ணி அதுர காலுக்குக் கிட்ட வந்திச்சாம். ஆரோ வாவிக்குத் தண்ணி ஊத்துறாங்க எண்டு கொக்குக்குச் சந்தேகம். முதல்ல இறாலோட சண்டை புடிச்சிச்சாம். மறுகா நண்டோட. மறுகா மீனெல்லாம் கள்ளன் எண்டிச்சாம். எல்லாரும் கோவிச்சுக்கிட்டு அங்கால போயிட்டாங்க. அப்பவும் தண்ணி ஏறிக்கிட்டே இருந்திச்சாம்."

"ஆரும்மா தண்ணி ஊத்தின?" என்றாள் மகள்.

"அதக் கொக்குதான் கண்டு புடிக்கணும்."

"ஆருக்குக் கதை சொல்றாய்?" என்று முனாஸ் கேட்டான்.

"புள்ளைக்கித்தான். ஒங்களுக்கும் கேட்டிச்சா?"

அவனுடைய தாய் ஆயிஷா உம்மா வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். "இது கண்ணூறு மகன். ஊர்க்கண் பொல்லாதது. ஓதித் தண்ணி தெளிச்சா எல்லாம் போகும்" என்றார். முனாஸ் மறுத்துப் பார்த்தான், அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் அவன் மண்டபத்தைத் திறந்ததுதான் தாமதம், ஆயிஷா உம்மா சாம்பிராணிச் சட்டியும் ஓதின தண்ணீருமாக நுழைந்து, வாசற்பக்கமெல்லாம் தெளித்துவிட்டு, அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு, தஸ்பீஹ் மணியும் கையுமாக அமர்ந்துகொண்டார்.

"உம்மா, நான் நிக்கிற இடம் அது."

"மத்தப் பக்கத்தால போ. மேசைக்கு நாலு பக்கம் இரிக்கிதானே? ஈரத்த மிதிக்காத, பரக்கத்துப் போயிரும்."

முனாஸ் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போய், கோல் உருட்ட முதன்முதலாக வாவிப் பக்கத்து விளிம்பருகில் நின்றான். கோலைக் கிடத்தி, வழக்கம்போல உள்ளங்கையால் தள்ளினான்.

கோல் மேசையின் பாதியில் நின்றுவிட்டது.

அவன் அதை எடுத்து மறுபடியும் அதே அளவு விசையோடு தள்ளினான். அது மீண்டும், ஏற்றத்தில் பாரவண்டி இழுக்கும் மாடு மாதிரி, களைத்து நடுவில் நின்றது. இத்தனை நாளும் வாசற்பக்கத்திலிருந்து தள்ளியபோது ஒருநாளும் அது எதிர் விளிம்பைத் தொடத் தவறியதில்லை.

முனாஸ் கோலை அப்பால் வைத்தான். வெள்ளைப் பந்தை எடுத்து, மேசையின் நீளவாக்கில் மிக மெதுவாக உருட்டிவிட்டான். பந்து நேரே போனது, வேகம் குறைந்தது, குறைந்ததும் வாவியை நோக்கி வளைந்தது. கத்தாரிலிருந்து கொண்டுவந்து சீலையில் சுற்றி வைத்திருந்த மட்டம் பார்க்கும் கருவியை அலுமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்தான். மேசையின் குறுக்கே வைத்தான். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுக்கோட்டை விட்டு வாசற்பக்கமாக ஒதுங்கி நின்றது.

அலுமாரியை இழுத்துப் பார்த்தான். அதன் பின்னால் சுவருக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் வெடிப்பு. மண்டபம் நின்ற இடம் வாவியோரத்துப் பள்ளத்தை நிரப்பி எடுத்த நிலம். முகத்துவாரம் வெட்டியதும் வாவி சடுதியாக வடிந்தது; அடிமண்ணிலிருந்த நீரும் அதோடு வடிந்தது; நிலம் வாவிப் பக்கமாக அமர்ந்துவிட்டது. மின்குமிழை அணைத்துவிட்டு மேலே பார்த்தான். வெளிச்சம் கண்ணை அடிக்காதபோது, அலுமாரி இருந்த இடத்துக்கு நேர் மேலே, கூரையில், தேநீர் கொட்டியது போன்ற ஒரு நீர்க்கறை நன்றாகத் தெரிந்தது.

கூரை ஒழுகியிருக்கிறது. மேசை சரிந்திருக்கிறது. நிதுர்ஷன் சொன்னதெல்லாம் அப்படியே உண்மை. ஒவ்வொரு காலையும் கோலைப் பரீட்சித்த முனாஸ், கோலைப் பரீட்சித்த மேசையை ஒருநாளும் பரீட்சிக்கவில்லை. காரணம், அது அவனுடைய கையால் மட்டம் வைத்த மேசை.

"பாத்தியா மகன், தண்ணி தெளிச்ச உடனே விளங்கிட்டு" என்றார் ஆயிஷா உம்மா.

வாசலில் வந்து நின்ற நிஸ்றா, குமிழியைப் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். பகிடி பண்ண வாயெடுத்தவள் பண்ணவில்லை.

"கொக்கு நிண்ட கட்டைதான் புதைஞ்சிரிக்கி, நிஸ்றா" என்று அவன் மெல்லச் சொன்னான்.

பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் அவனுக்கு வராமல் இல்லை. இதைக் கண்டவர்கள் வீட்டு மனிதர்கள் மட்டுமே. மேசையைச் சரிப்படுத்திக்கொண்டு கொழும்புக்குப் போகலாம். அவன் பழைய கை திரும்பிவிடும். இந்த வயதில் இனியொரு வாய்ப்பும் வராது. அப்போதுதான் அந்தச் சட்டைக் கை நினைவுக்கு வந்தது. சிவப்புப் பந்தில் பட்டும் மேசையைத் தட்டாமல் அடுத்த பந்தை அடித்த அந்த மனிதனின் முகம் வந்தது. அவனும் இப்படித்தான், ஒரு நொடி நின்று யோசித்திருப்பான்.

முனாஸ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் தேற்றாத்தீவுக்குப் போனான். நிதுர்ஷனின் தாய் இராசாத்தி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"வாங்க எண்டு சொல்ல மாட்டன். கோயிலுக்குப் போனாலும் கள்ளன்ட தாய் எண்டு பாக்கிறாங்க. இன்னும் என்ன எடுக்க வந்தீங்க?"

"எடுக்க வரல்ல அக்கா. எடுத்ததக் குடுக்க வந்தன். தம்பியக் கூப்பிடுங்க."

நிதுர்ஷன் வெளியே வந்தான். பின்னால் ஏறு என்றதற்கு, "என்ட சைக்கிள்ளயே வாறன்" என்றான்.

அன்று பின்னேரம் அருமைநாயகமும் குழுவினரும் மண்டபத்துக்கு வந்தார்கள். முறைப்பாட்டைக் கேட்ட அத்தனை பேரையும் முனாஸ் அழைத்திருந்தான். எல்லோரும் பார்க்க வெள்ளைப் பந்தை உருட்டினான். அது வாவிப் பக்கம் வளைந்தது. கூரையின் கறையைக் காட்டினான். சுவரின் வெடிப்பைக் காட்டினான். பிறகு, விரல் முட்டியால் மேசையின் மரச் சட்டத்தைத் தட்டினான்.

"பவுல்" என்றான். "தம்பி ஒண்டும் செய்யல்ல. கண்ணால காணாததக் கண்ட மாதிரிச் சொன்னவன் நான். எந்த இடத்தில அவன்ட மானம் போச்சோ, அந்த ஆக்கள் எல்லாரும் இரிக்கிற இடத்தில சொல்றன்."

அருமைநாயகம் தொண்டையைச் செருமினார். "தடையை இந்த நிமிசமே எடுக்கிறம். பெட்டியத் தொட்டது பிழையெண்டு அவசரப்பட்டதில எங்களுக்கும் பங்கிருக்கு. மேசையச் சரிப்படுத்திப்போட்டு ரெண்டு பேரும் விளையாடுங்களன். வெண்டவர் போகட்டும்."

"இல்ல சேர். பவுல் செஞ்சவன் போய்க் கதிரையில இரிக்கோணும். மத்தவன்தான் மேசைக்கு வரோணும். கொழும்புக்கு அவன் போகட்டும்."

நிதுர்ஷன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவன் கண்கள் முனாஸின் முகத்தில் எதையோ தேடின.

"இதுக்குள்ள என்ன கிடக்கு நானா?" என்று கேட்டான். "என்னத்துக்கு இவ்வளவு இறங்கி வாறீங்க?"

அந்தக் கேள்வி முனாஸைச் சுட்டது. தன்னுடைய பழக்கம் இன்னொருவனிடம் தொற்றிவிட்டதை அவன் கண்டான்.

"நீ சந்தேகப்படுறது நியாயம்தான். என்ட வாயை நம்பாத" என்று சொல்லி, மட்டம் பார்க்கும் கருவியை அவன் கையில் கொடுத்தான். "போட்டிக்கு நாள் கிடக்கு. இனி நீ பழகப் போறது இந்த மேசையிலதான். இந்த முறை மட்டம் சரியா இல்லையா எண்டு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டன்."

முனாஸ் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, திருகுசாவியோடு மேசைக்கு அடியில் முழங்காலிட்டான். வாவிப் பக்கத்துக் காலின் திருகாணியை முறுக்கத் தொடங்கினான். மேலே நிதுர்ஷன் கருவியைப் பச்சைத் துணியின்மேல் குறுக்காக வைத்து, குனிந்து, குமிழியைப் பார்த்தான்.

"இன்னும்" என்றான்.

முனாஸ் முறுக்கினான்.

"இன்னும்."

"காணுமா, இல்ல இன்னும் முறுக்கோணுமா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"காணாது நானா" என்றான் நிதுர்ஷன், குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம்."